மணிக்கட்டோடு நின்ற புகைப்படம்

என் வயதையொத்தவர்களே, கண்ணாடி இல்லாமல் பேருந்தின் பெயர்ப்பலகை தெரியாத பருவத்தை நாம் அடைந்துவிட்டோம். ஆயினும், தெருக்குழாயைத் திறந்தால் நீருக்கு முன்னே காற்று சீறிவரும் அந்த ஒலியை நம்மில் எவரும் மறந்திருக்க இயலாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு பங்குனியில், திண்டுக்கல் பக்கம் அகரத்தை ஒட்டிய எங்கள் ஊரில் காற்றுகூட வராமல் குழாய் ஊமையாயிற்று. நான் அப்போது பன்னிரண்டு வயதுச் சிறுமி. அந்தக் கோடையில்தான் என் சித்தப்பா, இளமை முழுவதும் பற்றியிருந்த ஒரு கையை இழந்தார். அதைப் பற்றி எங்கள் வீட்டுப் பெரியவர்கள் எவரும் முழுதாகப் பேசியதில்லை. பேசியிருக்க வேண்டியவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டமையால், எஞ்சியிருக்கும் நான் எழுதுகிறேன்.

என் தந்தையின் தம்பியாகிய சித்தப்பா கபடி ஆட்டக்காரர். நாட்டின் அணியில் இடம்பெற்று, விமானமேறிச் சென்று, அயல்நாட்டு மண்ணில் ஆடிவிட்டு வந்தவர். திரும்பி வந்த நாளில் ஊர் எல்லையில் மேளமும் மாலையுமாக மக்கள் காத்திருந்தனர். அவரோ வெட்கத்தால் முந்தைய நிறுத்தத்திலேயே இறங்கி, வாய்க்கால் வழியாக வீட்டின் பின்கட்டுக்கு வந்து சேர்ந்து, என் அம்மாவிடம் பழையசோறு கேட்டார். அவர் அணிந்து வந்த கருநீலக் கோட்டை அம்மா இரும்புப் பெட்டியில் நாப்தலின் உருண்டைகளுடன் வைத்துப் பூட்டினாள். அந்தக் கோட்டை அவர் மறுமுறை அணிந்து நான் கண்டதில்லை. பெட்டி திறக்கப்படும்போதெல்லாம் அதன் பொத்தானை ஒருமுறை தொட்டுப் பார்ப்பேன். கோடையிலும் அது குளிர்ந்தே இருக்கும்.

கபடியை நீங்கள் அறிவீர்கள். எனினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாடி வருபவரைப் பிடிக்க நிற்போரில், மூலையில் நிற்பவர் தமக்கு அடுத்தவரின் கையைப் பற்றியபடியே நிற்பார். பாடி வருபவரின் கணுக்காலை நோக்கிப் பாய வேண்டிய கணம் எது என்பதை, அடுத்தவர் தம் விரல்களை அழுத்தி உணர்த்துவார். பார்வையாளர் கண்கள் கணுக்காலில் இருக்கும்; கையைக் கவனிப்பவர் அரிது. சித்தப்பா வலது மூலைக்காரர். அவருடைய இடக்கையைத் தம் வலக்கையால் பற்றி நின்றவர் பூக்கார மாமா.

மாமா எங்களுக்கு உறவினர் அல்லர். எங்கள் கிணற்றை அடுத்திருந்த நிலத்தில் மல்லிகை பயிரிட்டவர். விடியுமுன் மொட்டெடுத்து, மிதிவண்டியில் கட்டித் திண்டுக்கல் பூச்சந்தைக்குக் கொண்டுபோவார். என் அம்மாவைத் தங்கச்சி என்று அழைத்ததால் எனக்கு மாமா ஆனார். அவர் உள்ளங்கையில் எந்நேரமும் மல்லிகை மணக்கும். அவரோடு கைகோத்து நின்று வந்தால் சித்தப்பாவின் கையிலும் அம்மணம் ஒட்டியிருக்கும். "மல்லிகை வாசம் அடிச்சா காலை இழுத்துக்கங்கடா" என்று எதிரணியினர் தமக்குள் எச்சரித்துக்கொள்வதுண்டு.

ஒருமுறை பேகம்பூரிலிருந்து புகைப்படக் கடைக்காரர் வந்து, சித்தப்பா கணுக்காலை நோக்கிப் பாயும் காட்சியைப் படம் பிடித்தார். சட்டம் போட்டு வந்த அந்தப் படத்தில் சித்தப்பா முழுதாக இருந்தார். ஓரத்தில் மாமா மணிக்கட்டு வரை மட்டுமே விழுந்திருந்தார். ஒரு கை, ஐந்து விரல்கள், அவ்வளவுதான்.

"ஏலே, நான் என்ன பாவம் பண்ணேன்? மொத்தமா வெட்டிப்புட்டாய்ங்க" என்றார் மாமா.

"கை விழுந்துருக்குல்ல? அதுதேன வேலை பாத்துச்சு" என்றார் சித்தப்பா.

"அப்ப அந்தக் கைக்கு ஒரு சர்க்கார் வேலை வாங்கிக் குடுரா அப்பு. நான் வீட்டுல படுத்துக்கிறேன்."

அன்று அனைவரும் சிரித்தோம். படம் எங்கள் கூடத்தில் நாட்காட்டிக்கு மேலே தொங்கியது.

வேலை சித்தப்பாவுக்குத்தான் வந்தது. தொலைவிலிருந்த ஒரு நகரத்தில் ரயில்வேயினர் அழைத்தனர். அங்கே ஆண்டு முழுவதும் ஆட்டம் உண்டு. அதே வேளையில், விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீட்டில் காவல்துறையிலும் இடம் கிடைத்தது. அப்பா காவல்துறையைத் தேர்ந்தார். "உள்ளூருல காக்கிச்சட்டை போட்டு நின்னா நம்ம குடும்பத்தை ஒரு பய சீண்ட மாட்டான்டா. அங்க போயி யாரு முகத்துல முழிக்கப் போற?" என்றார். அண்ணன் சொல்லைத் தட்டி அறியாத சித்தப்பா தலையசைத்தார். சில ஆண்டுகள் துறையின் அணிக்காக ஆடினார். பிறகு முழங்கால் கெட்டது. கோப்பைகள் வராத ஆட்டக்காரரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கருதினார்களோ என்னவோ, மற்றவரைப் போலவே நிலையப் பணிக்கு அனுப்பினர். ஊர்த் திருவிழா ஆட்டம் ஒன்றுதான் அவருக்கு மிஞ்சியது. அதற்கு மட்டும் விடுப்பெடுத்து வந்து, முழங்காலுக்கு உறையிட்டு, மாமாவின் கையைப் பற்றிக்கொண்டு மூலையில் நிற்பார்.

அந்த ஆட்டத்தில் எங்கள் ஊருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. எதிராளியின் விரல் நுனி பட்டாலும், நடுவர் காணாவிட்டாலும், பட்டவர் தாமே கையுயர்த்தி வெளியேறிவிட வேண்டும். ஏமாற்றி நின்றவன் என்ற பேச்சு ஒருவனுக்கு வந்தால், அவனுக்கு அடுத்த ஆண்டு களத்தில் இடம் கிடையாது.

இனி அந்தப் பங்குனிக்கு வருகிறேன். குழாய் வறண்ட சில நாட்களில், ஊர்ப் பெண்கள் வெற்றுக் குடங்களுடன் நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். ஆண்கள் பின்னால் நின்றனர். நானும் அம்மாவின் சேலையைப் பற்றியபடி வெயிலில் உருகிய தார்மீது நின்றேன். நகரத்திலிருந்து காவலர்கள் வேனில் வந்து வரிசையாக இறங்கினர். அவ்வரிசையின் ஓரத்தில், கையில் தடியுடன், எவரையும் பாராமல் நின்றார் சித்தப்பா.

பார்த்துவிட்டார் பூக்கார மாமா.

"ஏலே கார்னரு! அங்கயும் மூலையில தானா நிப்பாட்டிருக்காய்ங்க? எங்களைப் புடிக்கவாடா வந்திருக்க?"

சாலையே சிரித்தது. குடத்தைத் தட்டிச் சிரித்தாள் ஒருத்தி. சித்தப்பாவின் உதட்டோரமும் அசைந்தது. அருகிலிருந்த மேலதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. "யாருய்யா அவன், அம்புட்டு உரிமையாக் கூப்புடுறான்?" என்று கேட்டார். சித்தப்பா பெருமையோடு, "என் கூட்டாளி சார். நான் ஆட்டத்துல நின்னதே அவன் கையப் புடிச்சுத்தான்" என்று கூறி, மாமாவின் பெயரையும் தந்தையின் பெயரையும் சேர்த்தே சொன்னார். தம் நண்பனைப் பெரியவர் ஒருவருக்கு அறிமுகம் செய்வதாகவே அவர் எண்ணினார். அதை அன்று மாலை அவரே அப்பாவிடம் சொல்லக் கேட்டேன்.

சிரிப்பு அடங்கிய சற்று நேரத்தில் எங்கிருந்தோ ஒரு கல் பறந்து வந்து, நின்றிருந்த பேருந்தின் கண்ணாடியை உடைத்து, மேலதிகாரியின் காதோரம் கீறிச் சென்றது. எறிந்தவர் யாரென்று இன்றுவரை ஊருக்குத் தெரியாது. வழக்குப் பதிய ஒரு பெயர் வேண்டியிருந்தது. மேலதிகாரிக்குத் தெரிந்திருந்த ஒரே பெயர் மாமாவுடையது.

மாமா ஊரில் தங்காமல் மனைவியின் பிறந்தகத்தில் படுத்துறங்கினார். ஆனால் மல்லிகை காத்திருக்குமா? விடியுமுன் வந்து மொட்டெடுத்துவிட்டு மறைந்து விடுவார். நாலைந்து நாட்களில் சித்தப்பா வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கூறினார்:

"அவன் ஒரு வாக்குமூலம் மட்டும் எழுதிக் குடுத்துட்டு மத்தியானமே போயிரலாம்னு எங்க ஆபீசரு சொல்றாரு அண்ணே. நான் கூட இருக்கப் பயமென்ன?"

"அப்புறம் என்னடா? நீ கூட்டிட்டுப் போனா மரியாதையா நடத்துவாய்ங்க. ஓடி ஒளிஞ்சாத்தான் சந்தேகம் வரும். கூட்டிட்டுப் போ" என்றார் அப்பா.

மறுநாள் காலை, அம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது இருவரும் கிணற்றடி வழியாக வந்தனர். சித்தப்பா காக்கி உடுப்பில் இருந்தார். மாமாவின் தலையில் பூக்கூடை. கூடையை இறக்கி என்னிடம் தந்தார்.

"ஆத்தா, செத்த நேரம் இதைப் பாத்துக்க. ஈரத்துணி காயாம மூடி வையி. வந்து சந்தைக்குக் கொண்டு போறேன்."

"கஞ்சி குடிச்சுட்டுப் போங்கண்ணே" என்றாள் அம்மா.

"வந்து குடிக்கிறேன் தங்கச்சி. மோரைப் பூனைக்கு விட்டுறாத."

"சும்மா வாடா, பொண்ணு பாக்கப் போற மாதிரி சொல்லிக்கிட்டு நிக்கிற" என்று சித்தப்பா அவர் கையைப் பற்றி இழுத்தார். இருவரும் கைகோத்தபடியே பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தனர். நம் ஊரில் ஆண்கள் அவ்வாறு நடப்பது புதிதன்று; ஆகையால் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பார்த்திருக்கலாம்.

துணி காயக்காயத் தண்ணீர் தெளித்தேன். குடிப்பதற்கே அளந்து செலவிட்ட நீர் அது, அம்மா தடுக்கவில்லை. நண்பகல் சென்றது. பொழுது சாய்கையில் மொட்டுகள் கூடைக்குள்ளேயே மலரத் தொடங்கின. துணி மெல்ல மேலெழும்பியது. மணம் அடுப்படி வரை பரவிற்று. மாமாவும் வரவில்லை, சித்தப்பாவும் வரவில்லை. அடுத்த நாள் பூக்கள் பழுப்பேறின. அதற்கடுத்த நாள் அம்மா எவரிடமும் சொல்லாமல் அவற்றை எருக்குழியில் கொட்டிவிட்டு, கூடையைக் கழுவி வெயிலில் கவிழ்த்தாள்.

நடந்தது இதுதான். நிலையத்தில் மாமாவை ஒரு பெஞ்சில் அமரவைத்த உடனே, பங்குனி உத்திரத்துக்காகப் பழனிக்குப் பாதுகாப்புப் பணிக்குச் செல்லும் லாரி வாசலில் வந்து நின்றது. சித்தப்பாவை அதில் ஏறச் சொன்னார் மேலதிகாரி.

"சார், மத்தியானம் நானே கூட்டிட்டுப் போயிருவேன்னு அவங்க வீட்டுல சொல்லிட்டு..."

"அதையெல்லாம் நாங்க பாத்துக்குறோம். நீ ஏறுய்யா."

அவர் ஏறினார். பழனி மலையடிவாரத்தில் காவடிகளுக்கு நடுவே கயிறு பிடித்து நின்றார். விழா முடிந்து அவர் திரும்பியபோது மாமா மதுரைச் சிறையில் இருந்தார். கல்லெறிந்த கை எது என்று கேட்டு, மாமாவின் வலக்கையை மேசைமீது வைக்கச் சொன்னார்களாம். அதற்குமேல் அதை எழுத எனக்கு மனம் வரவில்லை. பிணையில் வெளிவந்தபோது அவருடைய மூன்று விரல்கள் மடங்கவில்லை. மொட்டைக் கிள்ள வேண்டிய விரல்கள் அவை.

கூட்டிப்போய் ஒப்படைத்துவிட்டுப் பழனிக்கு ஓடியவன் என்று ஊர் சித்தப்பாவைப் பேசிற்று. பதவி உயர்வுக்காகச் செய்தான் என்றும் கூறினர். அவர் மாமாவின் வீட்டுக்குப் புறப்பட்ட நாளில் அப்பா குறுக்கே நின்று தடுத்தார்.

"இப்பப் போனா வெட்டிப்புடுவாய்ங்கடா. செத்த ஆறட்டும். நாள் போனா எல்லாம் சரியாயிரும்."

அப்பா கெட்டவர் அல்லர். தம்பியின் உயிருக்கு அஞ்சினார். ஆனால் சில புண்கள் உடனே தொடப்படாவிடில் தொடவே இயலாதவையாகிவிடும் என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. நானும் என் நடுவயதில்தான் அறிந்தேன்.

கூடையைத் திருப்பித் தர அம்மா என்னை அனுப்பினாள். மாமா வேப்பமரத்தடியில் கயிற்றுக்கட்டிலில் அமர்ந்திருந்தார். வலக்கையைத் துண்டால் மூடியிருந்தார். இடக்கையால் கூடையை வாங்கி, உள்ளே முகர்ந்து பார்த்தார். பிறகு கேட்டார்:

"உங்க சித்தப்பன் முழங்கால் எப்புடி இருக்கு, ஆத்தா?"

உள்ளிருந்து அவர் மனைவி, "ஆமா, அவருக்கு முழங்கால் விசாரணை ஒண்ணுதான் கொறச்சல்! விரலு போயி உக்காந்திருக்கோம்" என்று சினந்தார். நான் வீட்டுக்கு ஓடிவந்து, மாமா முழங்காலை விசாரித்ததை அப்பாவிடம் சொன்னேன். "உன் சித்தப்பன்கிட்ட இதைச் சொல்லி அவனைக் கெளப்பி விட்டுறாத. நானே நேரம் பாத்துச் சொல்றேன்" என்றார் அப்பா. அவருக்கு அந்த நேரம் வாய்க்கவே இல்லை.

வைகாசியில் திருவிழா வந்தது. செம்மண் களத்தைக் கொத்தி, நீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடிட்டிருந்தனர். நீருக்காக அவ்வளவு அழுத ஊரில், களத்துக்கு மட்டும் வண்டியில் நீர் கொண்டுவந்தனர். நாட்டுக்காக ஆடிய வீரர் என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கும் பெருமைக்காகவே விழாக்குழுவினர் சித்தப்பாவை அணியில் வைத்திருந்தனர் என்று கருதுகிறேன். அவர் உறையை முழங்காலில் ஏற்றி, வலது மூலையில் போய் நின்றார். பழக்கத்தால் இடக்கையை நீட்டினார்.

மாமாவின் இடத்தில் நின்ற இளைஞர் தம் இரு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

நீட்டிய கை அப்படியே நின்றது. கூட்டத்தில் எவரோ, "போலீசுக்குக் கை குடுத்தா என்ன ஆகும்னு தெரியாதா?" என்று குரல் கொடுத்தார். சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பில் சேராமல், களத்துக்கு அப்பால் வாகைமரத்தடியில், துண்டால் கையை மூடியபடி மாமா நின்றிருந்தார். நான் கண்டேன். சித்தப்பாவும் கண்டார்.

ஒட்டன்சத்திரத்து அணியிலிருந்து ஒருவர் பாடி வந்தார். மூலையை நோக்கிக் காலை வீசினார். அக்கால் ஒரு முழத் தொலைவில் காற்றை உதைத்துத் திரும்பியதை மணலில் அமர்ந்திருந்த சிறுவர்களும் பார்த்தனர். அவர் தம் பக்கம் போய்ச் சேர்ந்தபின், சித்தப்பா வலக்கையை உயர்த்தினார்.

"ஏனுங்ணா, நான் தொடவே இல்லீங்களே!" என்றார் பாடி வந்தவர்.

"அவனே தொடலைங்கிறான். நில்லுப்பா உள்ள" என்றார் நடுவர்.

"பட்டுருச்சு சார்" என்றார் சித்தப்பா.

உயர்த்திய கையைத் தாழ்த்தாமல், வாகைமரத்தை நோக்கியபடியே நடந்து, வெளியேறியவர்கள் அமரும் கட்டத்தில் போய் உட்கார்ந்தார். ஒலிபெருக்கிக்காரர் இருமினார்.

வெளியேறியவர், தம் அணி அடுத்த புள்ளியை எடுத்ததும் மீண்டும் உள்ளே வரலாம் என்பது ஆட்ட விதி. எங்கள் அணி புள்ளி எடுத்தது. "வாங்கண்ணே, உசுரு வந்துருச்சு, வாங்க" என்று அணித்தலைவர் அழைத்தார். கைகட்டி நின்ற அந்த இளைஞரும் இம்முறை கையை நீட்டிக் காத்திருந்தார். சித்தப்பா எழவில்லை. மீண்டும் புள்ளி, மீண்டும் அழைப்பு. ஆட்டம் முடியும்வரை மண்ணைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார். முடிந்தபின் உறையைக் கழற்றாமலே பேருந்துக்குப் போனார். வாகைமரத்தடியை நான் திரும்பிப் பார்த்தபோது அங்கே எவரும் இல்லை.

அதன்பின் அவர் எந்தக் களத்திலும் நின்றதில்லை. மணம் செய்துகொள்ளவும் இல்லை. திண்டுக்கல்லில் காவலர் குடியிருப்பின் ஓர் அறையில் வாழ்ந்தார். ஏட்டு ஆனார். நீலக் கோட்டைப் பூச்சி அரித்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஓர் ஆண்டில் பழைய வீட்டை இடித்துக் கட்டியபோது, கூடத்தில் தொங்கிய படமும் காணாமற்போயிற்று. கொத்தனார்கள் எடுத்தெறிந்திருக்கக்கூடும். இன்று அது கிடைத்தால் சித்தப்பாவின் முகத்தைப் பார்க்கமாட்டேன். ஓரத்துக் கையைத்தான் பார்ப்பேன்.

பணியில் இருக்கும்போதே நெஞ்சுவலி கண்டு சித்தப்பா இறந்தார். உடலை ஊருக்குக் கொண்டுவந்தோம். நான் அப்போது ஒரு குழந்தைக்குத் தாய். முற்பகலில், எவரும் எதிர்பாராத வகையில், பூக்கார மாமா வந்தார். தலை முழுவதும் வெளுத்திருந்தது. கூட்டம் விலகி வழிவிட்டது. அவர் மாலை கொண்டுவரவில்லை. உடலின் இடப்பக்கமாகச் சுற்றிவந்து, கட்டிலருகே தரையில் அமர்ந்தார். போர்வைக்குள்ளிருந்து சித்தப்பாவின் இடக்கையை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு, அருகிலிருந்த என்னிடம் பேசினார்.

"நான்தான் ஆத்தா கைய விட்டேன்."

"எப்ப மாமா?"

"ஸ்டேஷன் வாசல்ல. கேஸ்ல சிக்குனவன் கையக் கோத்துக்கிட்டு உள்ள போனா இவனை மேலிடத்துல ஏசுவாய்ங்களேன்னு நான்தான் உருவிக்கிட்டேன். இவன் திரும்பிப் பாத்தான். போடா உள்ளன்னேன். பாவிப்பய, தான் விட்டுட்டதா நெனச்சுக்கிட்டே போயிட்டான்."

"அதை அவருகிட்டச் சொல்லியிருக்கலாமே மாமா?"

"வருவான்னு இருந்தேன். வந்தாச் சொல்லிக்கலாம்னு. ஒவ்வொரு திருவிழாவுக்கும் வாகைமரத்தடியில போயி நிப்பேன்."

தூக்குபவர்கள் வந்து நின்றனர். அப்பா மாமாவின் தோளைத் தொட்டார். மாமா தம் இடக்கையால், மடங்காத அந்த வலக்கை விரல்களை ஒவ்வொன்றாக வளைத்துச் சித்தப்பாவின் கைமேல் பொருத்தினார். பொருத்திய விரல்களின் மேல் தம் இடக்கையை வைத்து, களத்தில் செய்வதுபோல ஒருமுறை அழுத்தினார்.

சித்தப்பா பாயவில்லை.